கொல்லைவாசல் வழியாக வந்த சம்பந்தி

ராஜபாளையம்,
28-9-94, புதன்கிழமை.

மேன்மை தங்கிய சம்பந்தி, ஓய்வுபெற்ற ஏட்டையா ஐயாதுரை அவர்கள் சமூகத்துக்கு, சுப்புராஜ் கட்டுமானக் கம்பெனி ஸ்டோர் கீப்பர் கண்ணுச்சாமி கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் வீட்டுக்காரி முத்துப்பேச்சியும் சுகம். அங்கே தாங்களும், மதினி பரிபூரணம் அவர்களும், மாப்பிள்ளையும், வாயும் வயிறுமாக இருக்கும் எங்கள் மகள் சண்முகத்தாயும் சுகமாக இருக்க வேண்டும். அதிலும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிற வரைக்கும் எல்லோரும் ஒன்று வீட்டுக்குள்ளே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தெருவில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற போர்டிகோவுக்குக் கீழே மட்டும் யாரும் நிற்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். தாங்கள் அங்கேதான் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து சேரை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு மேற்கொண்டு படியுங்கள்.

தங்கள் கார்டு கிடைத்தது. கவரில் போடாமல் கார்டில் எழுதிவிட்டதால் தபால்காரரும், எதிர்வீட்டுக்காரரும், பால்காரரும் எனக்கு முன்னால் படித்துவிட்டார்கள். "சம்பந்தம் பண்ணி ஒன்றரை வருடமாகிறது. நீர் ஒருநாளாவது என் வீட்டு முன்வாசல் வழியாக வந்ததுண்டா? பொங்கல் சீரைக் கொல்லைப்பக்கமாகக் கொண்டுவந்தீரே, என் வாசல் உமக்கு அவ்வளவு இளப்பமா? ஐப்பசி நாலாம் தேதி வளைகாப்புக்கு நூறு பெண்டுகள் போர்டிகோவில் உட்காரப் போகிறார்கள். அன்றைக்கும் தொழுவம் வழியாகத்தான் வருவீரோ?" என்று கேட்டிருந்தீர்கள். கேட்டதில் தப்பில்லை. பொங்கல் கரும்பைத் தொழுவம் வழியாகக் கொண்டுவந்ததும், அதில் பாதியைத் தங்கள் மாடு தின்றதும் உண்மை. நான் தெருவில் வெயிலில் நின்றுகொண்டு போர்டிகோவையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததும் உண்மை. நான் கண் வைக்கிறேன் என்று நினைத்து மதினி அங்கே ஒரு பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்தப் பூசணிக்காய் நாலு கிலோவாவது இருக்கும். அன்று முதல் எனக்கு அந்த நாலு கிலோவும் சேர்ந்து கவலை.

இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டுமானால் எங்கள் கம்பெனியின் தப்புப் புஸ்தகத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தாங்கள் முப்பது வருடம் ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதி வாங்கியவர்கள். ஒருவன் ஆதியோடந்தமாகச் சொன்னால்தான் தங்களுக்கு நம்பிக்கை வரும்.

எங்கள் முதலாளி சுப்புராஜ் அவர்களுக்கு இந்த வருடம் இரண்டு மில் வேலை கைவிட்டுப் போயிற்று. இரண்டையும் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று கொத்திக்கொண்டு போனது. ரேட்டிலும் நாங்கள்தான் குறைவு, ஆளும் நாங்கள்தான் உள்ளூர். அப்படியும் ஏன் போனது என்று முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை. மதுரையில் ஒரு ஓட்டலில் தொழில் முன்னேற்ற வகுப்பு என்று இரண்டு நாள் நடந்தது. அதற்குப் போய்விட்டு ஒரு பிளாஸ்டிக் பைலும், ஓசிப் பேனாவும், புது முகமுமாகத் திரும்பி வந்தார். வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"ஏமி கண்ணுச்சாமி, நம்மகிட்ட வேலை தெரிஞ்ச ஆளு இல்லையா? இருக்கான். ஆனா அவனவனுக்குத் தெரிஞ்சது அவனவன் மண்டைக்குள்ளயே கிடக்கு. போன வருசம் பேச்சிமுத்து பண்ணுன தப்ப இந்த வருசம் இன்னொருத்தன் புதுசாக் கண்டுபிடிச்சுப் பண்றான். கோயம்புத்தூர்க்காரன் ஒரு தப்ப ஒரு தடவைதான் பண்றான். அதுலதான் நம்மள ஜெயிக்கான்" என்றார்.

ஆகவே ஒரு பெரிய நோட்டு வாங்கி, கம்பெனியில் அவரவர் செய்த தப்பை அவரவரே எழுத வேண்டும் என்றும், எழுதினால் திட்டு கிடையாது, கூலிப் பிடித்தம் கிடையாது, சீட்டுக் கிழிப்பு கிடையாது என்றும் உத்தரவானது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் புஸ்தகத்துக்கு என்னைப் பொறுப்பாளனாக்கினார். எனக்கு உள்ளபடியே சந்தோஷம். எதையும் ஏன், எதற்கு என்று தோண்டிப் பார்க்கிற புத்தி எனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு. ஒரு மனிதன் தன் தப்பைத் தானே எப்படி எழுதுவான், எந்த வார்த்தையில் ஆரம்பிப்பான் என்று பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. (மேல் வரியில் இருக்கிற வெள்ளைப் பொட்டு சுண்ணாம்பு. எங்கள் முன்னறைத் தளத்திலிருந்து அவ்வப்போது காரை உதிர்கிறது. பல்லி ஓடுவதால் என்று நினைக்கிறேன். மன்னிக்கவும்.)

முதல் நாளே சிக்கல் வந்தது. புது நோட்டு ஆயிற்றே என்று நான் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, ஒரு சூடமும் காட்டி வைத்துவிட்டேன். மேஸ்திரி ஆவுடையப்பன் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். "பிள்ளையார் சுழிக்குக் கீழ முதல் வரியிலயே தப்ப எழுதுவீரா? வெளங்குமாய்யா? வருசம் பூரா தப்பாத்தான் போகும்" என்றார். முதலாளியும் தலையைச் சொறிந்தார். கடைசியில் முதல் வரியில் 'லாபம்' என்று எழுதி, இரண்டாவது வரியில் 'அய்யனார் துணை' என்று எழுதி, மூன்றாவது வரியைத் தப்புக்கு ஒதுக்கினோம். அந்த மூன்றாவது வரி முப்பத்தோரு நாள் காலியாகவே கிடந்தது.

ஏன் என்று எனக்கு ஆச்சரியம். ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டேன். கொத்தனார் பேச்சிமுத்து, "தப்பா? எனக்கு ஒண்ணும் நெனவுல இல்லையே. ஆனா ஆவுடையப்பன் அண்ணாச்சி பண்ணுனது இருபது தேறும், எழுதுதீரா?" என்றார். ஆவுடையப்பனிடம் போனால் பேச்சிமுத்துவின் தப்பு நாற்பது இருந்தது, வருடம் கிழமையோடு. ஓவர்சீயர் எல்லோருடையதையும் வைத்திருந்தார், முதலாளியுடையது உள்பட. கம்பெனியில் ஒரு தப்புகூட மறக்கப்படவில்லை சம்பந்தி. எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கிறது. செய்தவனிடம் மட்டும் இல்லை, அவ்வளவுதான். இதை ஒரு தனித்தாளில் குறித்து முதலாளியிடம் காட்டினேன். அவர் மதுரைப் பைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஊக்கப்பரிசு கொடுக்க வேண்டும் என்று அதில் போட்டிருப்பதாகச் சொன்னார்.

மாதத்தின் சிறந்த தப்புக்கு ஒரு புது ரசமட்டம் பரிசு என்று அறிவித்தோம். ரசமட்டம் என்றால் சுவரும் தரையும் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, நடுவில் குமிழி ஓடுமே, அந்தக் கட்டைதான். கொத்தனார்களுக்கு அதன்மேல் ஒரு கண். அதன் பிறகு பார்க்க வேண்டுமே. காலையில் ஆபீஸ் திறக்கும்போதே வரிசையில் நிற்கிறார்கள். தப்பே தெரியாது என்ற பேச்சிமுத்து, தென்காசி ரோட்டில் ஒரு வீட்டுக்கு அடுப்படியில் ஜன்னலே வைக்காமல் கட்டிவிட்டதாக ஒன்றரைப் பக்கம் சொல்லி எழுதவைத்தார். எனக்கு மனசு கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். அடுப்படியில் இரண்டு ஜன்னல் இருந்தன. அந்த வீட்டம்மா காப்பி கொடுத்து, "எதுக்குண்ணே ஜன்னலயே பாக்கிய?" என்று கேட்டார். சும்மா காற்று எப்படி வருகிறது என்று பார்த்ததாகச் சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வந்து பேச்சிமுத்துவிடம் கேட்டால், "மத்தவன்லாம் அம்புட்டுப் பெரிய தப்பாச் சொல்லுதான். நான் மட்டும் சில்லறைத் தப்பச் சொல்லிட்டு நிக்க முடியுமா?" என்கிறார். தப்பிலும் கௌரவம் வந்துவிட்டது.

அதற்கடுத்த வாரம் இன்னொரு கொத்தனார், பரிசுக்கென்றே ஒரு வீட்டு வாசல்படியில் ஒரு படியை மட்டும் நாலு விரற்கடை உயரமாகக் கட்டி, சாந்து காயும் முன்னே ஓடிவந்து பதிவு பண்ணிக்கொண்டார். வேலை பார்க்கப் போன முதலாளி அதிலேயே தடுக்கி விழுந்து, கட்டைவிரல் பெயர்ந்து, நொண்டிக்கொண்டே ஆபீசுக்கு வந்தார். "ஏலே, பண்ணுன தப்ப எழுதச் சொன்னேனா, எழுதுறதுக்காகத் தப்பு பண்ணச் சொன்னேனா?" என்று அவர் போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது. ஆனால் திட்டு கிடையாது என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்ததால், அந்தச் சத்தத்தையே ஒரு தப்பாக அவர் பெயரில் பதிவு செய்ய வேண்டும் என்று ஓவர்சீயர் சொன்னார். செய்தேன். அதுதான் பதினேழாவது பதிவு.

இந்தக் கூத்தோடு புஸ்தகத்தை மூடிவிடலாம் என்று முதலாளி நினைத்திருந்த சமயத்தில்தான் சித்தாள் குருவம்மாள் வந்தார். பதினோரு வருடமாக எங்களிடம் கலவைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர். தலைச்சும்மாட்டைக்கூட அவிழ்க்காமல் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு சொன்னார்:

"அண்ணாச்சி, எனக்கு எழுத வராது. நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்க. மேஸ்திரி 'வேகமா, வேகமா'ன்னு சத்தம் போடுறப்பல்லாம் கலவையில ஒரு குடம் தண்ணி கூட ஊத்திருவேன். கெட்டியா இருந்தா வெட்டி அள்ள இடுப்பு ஒடியும். தண்ணி விட்டா அதுபாட்டுக்கு வழியும், வேலை சட்டுனு முடியும். அப்படி ஊத்துனா தளத்துக்குச் சத்து இருக்காதுன்னு எனக்கும் தெரியும். பதினோரு வருசமா ஊத்துதேன்."

எங்கள் கம்பெனி போட்ட தளம் மட்டும் மழைக்கு ஏன் கசிகிறது என்று முதலாளி பத்து வருடமாக மணலை மாற்றினார், ஜல்லியை மாற்றினார், ஜோசியரைக்கூட மாற்றினார். கோயம்புத்தூர்க்காரன் ஜெயித்த இடம் இந்த ஒரு குடத் தண்ணீரில் இருந்தது. "இத ஏம்மா இத்தனை நாள் சொல்லல?" என்று முதலாளி கேட்டார்.

"கேட்டாத்தானே மொதலாளி சொல்றதுக்கு? மேஸ்திரிகிட்ட கேட்டிய, கொத்தனாருகிட்ட கேட்டிய. தண்ணி ஊத்துதவகிட்ட யாரு கேட்டா? அவரு செத்த நேரம் சத்தம் போடாம இருந்தா நான் ஏன் ஊத்தப்போறேன்?"

தண்ணீர் டிரம்முக்குள் அன்றைக்கே அளவுக் கோடு போட்டார்கள். ஆவுடையப்பன் இனி சத்தம் போடக்கூடாது என்று உத்தரவு. அவரால் வாயை அடக்க முடியாது. ஆகையால் கலவை போடும்போது ஒரு பர்லாங் தள்ளிப்போய் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ரசமட்டம் குருவம்மாளுக்கே கிடைத்தது. அதைக் கொண்டுபோய்த் தன் கட்டிலில் வைத்துப் பார்த்து, ஒரு பக்கம் சரிந்திருப்பதைக் கண்டுபிடித்தாராம். "அண்ணாச்சி, என் கழுத்துவலிக்கு இப்பத்தான் காரணம் தெரிஞ்சது" என்று மறுநாள் சிரித்துக்கொண்டு வந்து சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புஸ்தகத்தை எடுத்துப் புரட்டினேன். நாற்பத்தேழு பதிவு. முதலாளி பெயர் இருக்கிறது, எழுதப் படிக்கத் தெரியாத குருவம்மாள் பெயர் இருக்கிறது. எழுதுகிறவன் பெயர் மட்டும் இல்லை. அடுத்தவர் வாயில் தப்பு எப்படி வருகிறது என்று மூன்று மாதம் வேடிக்கை பார்த்தேனே தவிர, என் வாயைத் திறக்கவில்லை. அந்தம்மா முகத்தில் முழிக்க வெட்கமாக இருந்தது சம்பந்தி. இனி ஒளித்துப் பிரயோஜனம் இல்லை, சொல்லிவிடுகிறேன்.

1988-ம் வருடம் ஐப்பசி மாதம். அப்போது தாங்கள் எனக்குச் சம்பந்தி இல்லை. வீட்டுக்கு முன்னால் போர்டிகோ போடச் சொன்ன ஏட்டையா, அவ்வளவுதான். சுந்தரபாண்டியத்தில் என் மைத்துனன் பிள்ளைக்குக் காதுகுத்து. பந்தலுக்குத் தார்ப்பாய் இருந்தால் கொடுங்கள் மச்சான் என்றான். ஒரு நாள்தானே என்று கம்பெனி குடோனில் சிமெண்டு மூட்டைமேல் மூடியிருந்த தார்ப்பாயை உருவிக் கொடுத்துவிட்டேன். சுந்தரபாண்டியத்தில் அன்றைக்கு ஒரு சொட்டு விழவில்லை. ராஜபாளையத்தில் கொட்டித் தீர்த்தது. குடோன் கூரை ஒழுகி ஒன்பது மூட்டையில் ஈரம் ஏறிவிட்டது. முதலாளிக்குத் தெரிந்தால் அன்றோடு வேலை போய்விடும். அப்போதுதான் நானும் என் வீட்டில் இந்த முன்னறையை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை தங்கள் போர்டிகோவுக்கு லாரி புறப்பட்டது. அந்த ஒன்பது மூட்டையையும் அதில் ஏற்றி அனுப்பிவிட்டேன். ஆமாம், அந்த ஒன்பதும் தங்கள் தலைக்கு மேலேதான் இருக்கின்றன. எனக்கு அன்றைக்கே காய்ச்சல் வந்து நாலு நாள் எழுந்திருக்கவில்லை. என் சொந்த வீட்டுத் தளம் போட்டதைக்கூட நான் கண்ணால் பார்க்கவில்லை.

போன வருடம் தரகர் வந்து, "ஸ்ரீவில்லிபுத்தூர்ல பையன், சொந்த வீடு, முன்னால போர்டிகோ" என்று சொன்னபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. வந்து பார்த்தால் அதே வீடு. பையன் தங்கமான பையன், தாங்களும் மதினியும் நல்ல மனுஷாள், ஜாதகமும் அமைந்துவிட்டது. பத்துப் பொருத்தமும் இருக்கிறது, போர்டிகோ மட்டும் பொருந்தவில்லை என்று பெண்ணைப் பெற்றவன் எப்படிச் சொல்வேன்? அன்று முதல் கொல்லைவாசல்தான். மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளை அதற்குக் கீழே நிறுத்தும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

ஆகவே வளைகாப்பைக் கொல்லைப்பக்கம் வேப்பமரத்தடியில் வைத்துக்கொள்ளும்படி காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். நூறு பெண்டுகளும் என் மகளும் அந்தத் தளத்துக்குக் கீழே உட்கார வேண்டாம். நாளைக்குப் புஸ்தகத்தில் நாற்பத்தெட்டாவதாக இதை என் கையாலேயே எழுதப் போகிறேன். போர்டிகோவை இடித்துப் புதிதாகப் போட்டுத் தருவது என் பொறுப்பு. தங்களுக்கு என்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் சரி, அதைச் சண்முகத்தாயிடம் காட்ட வேண்டாம். வளைகாப்பு முடிந்து அவளை முறைப்படி அழைத்துவந்து வைத்துக்கொள்ள இந்த முன்னறையைத்தான் ஒழித்துப் போட்டிருக்கிறோம். தொட்டில் கட்டத் தளத்தில் கொக்கிகூட இருக்கிறது. முத்துப்பேச்சி நேற்றே அதற்கு எண்ணெய் போட்டு வைத்துவிட்டாள். அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

மதினிக்கு என் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கும் சண்முகத்தாய்க்கும் எங்கள் ஆசீர்வாதம். குலதெய்வம் எல்லோரையும் காப்பாற்றட்டும், போர்டிகோவையும் ஐப்பசி வரைக்கும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த சம்பந்தி,
கண்ணுச்சாமி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால், தங்கள் போர்டிகோவுக்குத் தற்காலிகமாக முட்டுக் கொடுக்க நாலு கம்பு கேட்கலாம் என்று மேஸ்திரி ஆவுடையப்பனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் வெற்றிலையைத் துப்பிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"யோவ், அந்த லாரியில நாந்தானே போனேன்? மூட்டைய ஒரு குத்து குத்துனாத் தெரியாதா? திருப்பி இறக்குனா ஓம்ம வேலை போயிரும். ஏட்டையா வீட்டுல போட்டா எனக்கு வெலங்கு. போற வழியிலதானே ஓம்ம வீடு? அங்க நிப்பாட்டி, ஓம்ம முன்னறைக்கு வச்சிருந்த ஒம்போது நல்ல மூட்டைய ஏத்திக்கிட்டு, இந்த ஒம்போத இறக்கிட்டேன். கட்டிய ஒடச்சு, சலிச்சு, ஓம்ம தளத்துலயே போட்டாச்சு. ஏட்டையா பக்கத்துல நின்னாருன்னு அங்க கலவை போடுறப்ப நான் சத்தங்கூடப் போடல. ஏட்டையா போர்டிகோ இரும்புய்யா. ஆனை ஏறுனாலும் அசையாது."

"இத ஏன்யா புஸ்தகத்துல எழுதல?" என்றேன்.

"அது தப்புப் புஸ்தகம்லா? நான் செஞ்சது தப்பா? கெடுத்தவரு தலைக்கு மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

வீட்டுக்கு ஓடிவந்து முத்துப்பேச்சியிடம் கேட்டேன். "ஆமா, மேஸ்திரி வந்து மூட்டைய மாத்திட்டுப் போனாக. அதுக்கென்ன இப்போ?" என்றாள். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, ஆறு வருடத்தில் நான் கேட்கவே இல்லையாம். அண்ணாந்து பார்த்தேன். பல்லி ஒன்றும் இல்லை. கொக்கியைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மாற்றிப் படித்துக்கொள்ளவும். ஈஸிசேரைப் பழைய இடத்திலேயே போட்டுக்கொள்ளலாம். வளைகாப்பு போர்டிகோவிலேயே நடக்கட்டும், பூசணிக்காயும் இருக்கட்டும். ஆவுடையப்பன் மழைக்கு முன்னால் எங்கள் முன்னறைக்கு முட்டுக் கொடுத்து, தை பிறந்ததும் இடித்துப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். அதுவரை சண்முகத்தாயை இங்கே அழைத்துவர எனக்குத் தைரியம் இல்லை. முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பது முறை என்று தங்களுக்குத் தெரியும். முறை தவறாமல் இருக்க, தாய்வீடு புறப்பட்டு அங்கேயே வருகிறது. நானும் முத்துப்பேச்சியும் படுக்கை, பாத்திரம், தொட்டில் சேலை எல்லாவற்றோடும் ஐப்பசி நாலாம் தேதி வந்து, பேரப்பிள்ளை முகம் பார்க்கிற வரைக்கும் தங்குகிறோம். முன்வாசல் வழியாகத்தான் வருவோம். போர்டிகோவுக்குக் கீழே எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கவும்.